செட்டில்மென்ட் பத்திரம்

நிலமில்லாத ஒரு பெண் ஊர் எல்லையில் ஆறு லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்று வரியும் சேர்ந்து ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடு. 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சலுகையும் போக அவர் கட்ட வேண்டியது 48,000 ரூபாய். அதே அலுவலகத்தில், அதே நாளில், ஒரு தகப்பனார் தம் மகனுக்கு நாற்பது கோடி ரூபாய் சொத்தை செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு விழுக்காடு. ஆனால் 2023 ஜூலையில் திருத்திய கட்டணப்படி அது 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணமும் ஒரு விழுக்காடு. அது 10,000 ரூபாயைத் தாண்டாது. ஆக மொத்தம் 50,000. சொத்து நாற்பது லட்சமாக இருந்தாலும் இதே தொகைதான், நானூறு கோடியாக இருந்தாலும் இதே தொகைதான். அந்தத் தகப்பனார் எதையும் எழுதிவைக்காமல் இறந்துபோனால் இதுவும் கிடையாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவில் பெயர் மாற்றிக்கொண்டால் போதும்.

இதில் யாரும் சட்டத்தை ஏமாற்றவில்லை. சட்டமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஆட்சி வந்தாலும் இந்த இடத்தில் அதன் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஏனென்றால் பங்கீட்டில் தமிழ்நாடு கஞ்சத்தனமான மாநிலம் அல்ல. இந்தியாவின் மற்ற மாநிலங்கள் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொண்டவை பல. மாதா மாதம் தீர்ந்துபோகிறவற்றைப் பகிர்ந்து கொடுக்க நமக்கு நன்றாகவே தெரியும். தலைமுறை தாண்டித் தங்குகிறவற்றுக்கு வரும்போதுதான் நாம் வேறு ஆட்களாகிவிடுகிறோம்.

முதலில் அரிசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ‘இலவசம்’ என்ற சொல்லைப் பழிச்சொல்லாக்கிப் பேசுகிறவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் கிடையாது. 1967இல் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது, 2008இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011 ஜூனில் விலையே இல்லாமல் ஆனது. நாடு முழுவதும் வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று அட்டைகளைப் பிரித்தபோது தமிழ்நாடு அந்தக் கோட்டைப் போட மறுத்து, ரேஷனை எல்லாருக்குமானதாக வைத்துக்கொண்டது. காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவாக விரித்தார். இவற்றால் நிரம்பியது வயிறு மட்டுமல்ல. டெல்டாவில் நடவுக் கூலி பேசும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஒரு காலத்தில், இன்று வேலைக்குப் போகாவிட்டால் இன்றிரவு அடுப்பு எரியாது என்று தெரிந்திருந்ததால், மிராசுதார் சொன்னதுதான் கூலி. வீட்டில் இருபது கிலோ அரிசி இருக்கிறது என்ற நிலை வந்தபிறகு ஒரு பெண்ணால், “இந்தக் கூலிக்கு எறங்க முடியாதுங்க” என்று வரப்பில் நின்று சொல்ல முடிந்தது. சொல்லிவிட்டு ஒரு வாரம் வீட்டில் இருக்கவும் முடிந்தது. அவள் முதுகு நிமிர்ந்ததில் அந்த அரிசிக்கும் பங்கு உண்டு. சோம்பேறிகளாக்கிவிட்டார்கள் என்று பேசியவர்கள் பெரும்பாலும் கூலி கொடுக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள்.

ஆனால் அவள் நின்ற வரப்பும், இறங்க மறுத்த வயலும் யாருடையவையாக இருந்தனவோ அவர்களுடையவையாகவே பெரும்பாலும் இருக்கின்றன. கைமாறியிருந்தாலும் அவள் கைக்கு வரவில்லை.

2006 தேர்தலில் தி.மு.க. தந்த வாக்குறுதிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி. மற்றொன்று, நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம். இரண்டும் அந்த ஆண்டிலேயே தொடங்கின. தொலைக்காட்சிப் பெட்டி ஐந்தாண்டுக்குள் தெருத்தெருவாக, வீடுவீடாக வந்து சேர்ந்தது. கேபிள் வராத குடிசைக்கும் பெட்டி வந்தது. இரண்டு ஏக்கர் சில மாவட்டங்களில் தரிசைத் திருத்திக் கொடுத்த அளவில் தேய்ந்து நின்றது. பெட்டியைக் கொள்முதல் செய்து லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம். நிலத்தை அப்படிக் கொள்முதல் செய்ய முடியாது. அது ஏற்கெனவே யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எடுத்தால்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். எடுக்க மனமில்லாத அரசு, யாருக்கும் வேண்டாத தரிசைத் தேடிப் போனது.

எடுத்துப் பார்த்த காலம் ஒன்றும் இருந்தது. 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு போட்டது. 1970இல் அது 15 தர ஏக்கராகக் குறைந்தது. ஐந்து பேருக்கு மேல் இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று கூடுதல், பெண்களின் சீதன நிலத்துக்குத் தனிக் கணக்கு, தோட்டப் பயிர்களுக்கு விலக்கு, அறக்கட்டளைகளுக்குத் தனி ஏற்பாடு. இத்தனை வாசல்களைத் திறந்துவைத்துவிட்டு உபரியைத் தேடினால் என்ன மிஞ்சும்? வேலிக்கணக்கில் நிலம் வைத்திருந்த குடும்பங்களின் பாகப்பிரிவினைகள் அவசர அவசரமாகப் பதிவாயின. தொட்டிலில் கிடந்த குழந்தைகளும், வீட்டுக் காரியக்காரர்களும், சமையல்காரர்களும், பெயரளவில் தொடங்கிய அறக்கட்டளைகளும் நிலவுடைமையாளர்கள் ஆனார்கள். இத்தனை பத்தாண்டுகளில் இந்த மாநிலம் முழுவதிலும் உபரி என்று அறிவிக்கப்பட்டது ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கர்தான். அதன் பிறகு சட்டத்தின் திசையே மாறியது. தொழில் நிறுவனங்கள் உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ள அரசே அனுமதி தரும் பிரிவும் அதே சட்டத்துக்குள் இடம்பிடித்தது.

அந்த இரண்டு லட்சம் ஏக்கருக்கும்கூடக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அனைவரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர். கேட்டது கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாக. அதைக் கேட்க ஒரு சங்கம். கீழ் நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. நிறைய நிலமும் காரும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை என்ற வகையில் அந்தத் தீர்ப்பு பேசியது. சொத்து என்பது சோறு, துணி, வசதி மட்டுமல்ல என்பதை எனக்குப் புரியவைத்தது எந்தப் பொருளாதார நூலுமல்ல, அந்தத் தீர்ப்பின் அந்தப் பகுதிதான். நிலம் இருப்பதே ஒருவரின் நன்னடத்தைக்குச் சாட்சி ஆகிவிடுகிறது. நிலமில்லாதவர் 44 உடல்களைக் காட்டினாலும் அந்தச் சாட்சி போதவில்லை.

வெண்மணியின் தொடர்ச்சியாகக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது. குடியிருப்பு மனைச் சட்டம் 1971இல் வந்தது. பண்ணையாட்கள் குடிசை போட்டிருந்த மண் அவர்களுக்கே சொந்தம் என்று சொன்ன அந்தச் சட்டத்தைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. தமிழ்நாட்டில் உடைமையை நேரடியாகக் கைமாற்றிய மிகச் சில சட்டங்களில் அது ஒன்று. காலிபண்ணச் சொன்னால் எங்கே போவது என்ற பயம் அதோடு ஒரு தலைமுறைக்குத் தீர்ந்தது. பிறகு 1981இல் காந்தியர்களான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலச்சுவான்தார்களிடம் பேசி விலைக்கு வாங்குவது, வங்கிக் கடன் பெறுவது, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிவது. தொடக்கத்தில் அவர்களுக்குக் குறுக்கே நின்றவை இரண்டு: கடன் தரத் தயங்கிய வங்கிகள், மலைக்க வைத்த பத்திரச் செலவு. ஆம், நான் மேலே கணக்குப் போட்டுக் காட்டிய அதே பத்திரச் செலவு. அதையும் தாண்டி 2007க்குள் ஏறத்தாழ 13,000 ஏக்கரை 13,000 குடும்பங்களுக்குச் சேர்த்தார்கள். இரண்டு காந்தியர்கள் நடத்திய ஓர் அமைப்பால் இவ்வளவு செய்ய முடிந்தது என்பது பெருமைதான். ஆனால் அதைச் சொல்லிப் பெருமைப்படும் உரிமை அரசாங்கத்துக்குக் கிடையாது.

நிலத்தை எடுக்க முடியாத அரசு, பங்கீட்டுக்கான பணத்தை எங்கிருந்து எடுக்கிறது? 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுந்தது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் அதற்கு ஒதுக்கியது 13,720 கோடி ரூபாய். 2023-24இல் மதுவிற்பனை மூலம் அரசுக்கு வரியாக வந்தது 45,855 கோடி ரூபாய். நேருக்கு நேர் இந்தப் பணம்தான் அந்தப் பணம் என்று நான் சொல்லவில்லை. கஜானாவுக்கு வந்தபின் பணத்துக்கு அடையாளம் கிடையாது. ஆனால் கணவனின் கூலியில் ஒரு பகுதி சாயங்காலம் டாஸ்மாக் கடை வழியாக உள்ளே போகிறது. அதில் ஒரு பகுதி பதினைந்தாம் தேதி மனைவியின் கணக்குக்குத் திரும்பி வருகிறது. நடுவில் அந்த மனிதனின் கல்லீரல் கெடுகிறது. ஜி.எஸ்.டி.யும் அப்படித்தான்: சோப்புக்கும் செருப்புக்கும் கூலிக்காரரும் பணக்காரரும் கட்டுவது ஒரே விகிதம்; கூலிக்காரர் வாங்கியதையெல்லாம் செலவழித்துவிடுவதால் அவர் வருமானம் முழுவதும் வரியின் பார்வையில் படுகிறது, மிச்சம்பிடித்துச் சொத்தாக்குகிறவருக்கு அந்தப் பகுதி தப்பிவிடுகிறது. ஏழைகளிடமிருந்து திரட்டி ஏழைகளுக்குக் கொடுப்பதையும் பங்கீடு என்று சொல்லலாம். ஆனால் மேல்மாடியில் இருப்பது அசையாமல் இருக்கிறது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23இல் இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40.1 விழுக்காடு மேல்தட்டு ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தது. வருமானத்தில் அவர்கள் பங்கு 22.6 விழுக்காடு. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். சம்பாதிப்பதில் உள்ள வித்தியாசத்தைவிடச் சேர்ந்திருப்பதில் உள்ள வித்தியாசம் பெரிது. சேர்ந்திருப்பதுதான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

உரிமைத் தொகைக்கான விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கிறதா, நன்செய் ஐந்து ஏக்கருக்குள்ளா, புன்செய் பத்து ஏக்கருக்குள்ளா, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டுகிறதா, வீட்டில் கார் உண்டா. ஆயிரம் ரூபாய்க்காக ஒரு பெண் தன் வீட்டின் மின்கணக்குவரை திறந்து காட்ட வேண்டும். நாற்பது கோடி கைமாறும் செட்டில்மென்டிலோ, நாற்பது லட்சத்தைத் தாண்டியபின் சொத்தின் மதிப்பு என்ன என்பது கட்டணத்தைப் பொறுத்தவரை தேவையற்ற விவரம்.

ஒருமுறை உறவினர் ஒருவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட டெல்டாவில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அன்று அங்கே விடுதலைப் பத்திரம் எழுத ஒரு குடும்பம் வந்திருந்தது. இரண்டு அண்ணன்மார், ஒரு தங்கை. தங்கைக்கு அறுபதை ஒட்டிய வயது, புதுப்புடவை, பிளவுஸ் தைக்க நேரமில்லாமல் பழையதையே போட்டிருந்தார். பத்திரம் எழுதுபவர் முழுவதையும் படித்துக் காட்டினார். பூர்வீகச் சொத்தில் தமக்குள்ள பாத்தியதையை முழுமனதோடு, யாருடைய தூண்டுதலும் இன்றி விட்டுக்கொடுப்பதாக அதில் இருந்தது. அந்த அம்மா பாதியில் நிறுத்தி, “அந்தத் தென்னந்தோப்பும் இதுல வருதாண்ணே?” என்றார். பெரிய அண்ணன், “எல்லாந்தாம்மா” என்றார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. விரலை இயந்திரத்தில் வைத்தபோது ரேகை பதியவில்லை. வயல் வேலை பார்த்த கை, ரேகை தேய்ந்திருந்தது. துடைத்துத் துடைத்து வைக்கச் சொன்னார்கள். வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கும்போது பேச்சுக்கொடுத்தேன். “எனக்கு எதுக்குங்க நெலம். நல்லது கெட்டதுக்கு வந்து நிக்க ஒரு வாசல் வேணும்ல” என்றார். கசப்பே இல்லாத குரல். அண்ணன்களும் கெட்டவர்களாகத் தெரியவில்லை. மதியம் எல்லாரும் சேர்ந்து ஓட்டலில் சாப்பிடப் போனார்கள்.

பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929இல். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல், இந்தியா முழுவதும் அது வந்தது 2005இல். அறுபது ஆண்டு கேட்டுப் பெற்ற உரிமையை ஒரு பிற்பகலில், ஒரு புடவைக்கும் பிறந்தவீட்டு வாசலுக்கும் விட்டுக்கொடுக்கிற பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இதைச் சொல்வதால் அந்தச் சட்டம் வீண் என்றாகாது. நகரங்களில், படித்த குடும்பங்களில் பெண்கள் பங்கு கேட்கிறார்கள், வாங்குகிறார்கள். அந்தச் சட்டம் இல்லாமல் அது நடந்திருக்காது. நான் சொல்ல வருவது வேறு. முதுமையில் யார் பார்ப்பார்கள், விழுந்தால் யார் தாங்குவார்கள் என்ற கேள்விக்கெல்லாம் இந்த நாட்டில் சொத்தும் குடும்பமும் மட்டுமே பதிலாக இருக்கின்றன. அந்த அம்மா தமக்குரிய பங்கைக் கொடுத்து ஒரு காப்பீட்டை வாங்கினார். வாரிசு வரி என்ற பேச்சை எடுத்தவுடன் ஒற்றை வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கூடப் பதறுவதன் காரணமும் இதுதான். அவர் பேராசைக்காரர் அல்லர். அந்த வீட்டைத் தவிர அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பிடிமானம் இல்லை.

அந்தப் பதற்றத்தைத்தான் பெருஞ்செல்வம் தனக்குக் கேடயமாக்கிக்கொள்கிறது. 2024 ஏப்ரலில், தேர்தல் நடுவே, காங்கிரஸைச் சேர்ந்த சாம் பிட்ரோடா அமெரிக்காவில் உள்ள வாரிசு வரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார். உங்கள் சொத்தைப் பறிக்கப்போகிறார்கள் என்று பிரதமரே மேடைகளில் பிரசாரம் செய்தார். காங்கிரஸ் கட்சி, அது எங்கள் கருத்து அல்ல என்று விலகிக்கொண்டது. சில நாட்களில் எல்லாம் அடங்கிவிட்டது. இந்த நாட்டில் அப்படி ஒரு வரி 32 ஆண்டுகள் இருந்திருக்கிறது.

1953இல் வந்த எஸ்டேட் டியூட்டி அது. பொருளியலாளர் நிகோலஸ் கால்டரின் யோசனையை ஏற்று 1957இல் சொத்து வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்த நிதியமைச்சர் நம்முடைய டி.டி.கிருஷ்ணமாச்சாரி; அவரே ஒரு பெரிய வணிகக் குடும்பத்துக்காரர். வரி விகிதங்கள் பின்னர் வானளவு ஏறின. எஸ்டேட் டியூட்டி உச்சத்தில் 85 விழுக்காடு. ஆனால் விலக்குகளும், இந்துக் கூட்டுக் குடும்பக் கணக்கும், குறைத்துக் காட்டிய மதிப்பும் சேர்ந்து வசூலைத் தின்றுவிட்டன. 1985இல் வி.பி.சிங் அதை நீக்கியபோது அதன் ஆண்டு வருவாய் சுமார் 20 கோடிதான். 2015இல் அருண் ஜேட்லி சொத்து வரியையும் நீக்கினார். அதன் வசூலும் ஆயிரம் கோடியைச் சுற்றித்தான் இருந்தது. வசூலாகவில்லை, ஆகவே நீக்கினோம் என்பது இரண்டு முறையும் சொன்ன காரணம். நில உச்சவரம்பில் நடந்ததே இங்கும் நடந்தது: ஓட்டைகளோடு சட்டம் செய்வது, ஓட்டை வழியே ஒழுகுவதைப் பல ஆண்டு பார்த்திருப்பது, பிறகு பாத்திரத்தையே தூக்கி எறிவது. ஒழுகியதை அடைக்க யாரும் உண்மையாக முயன்றதாகத் தெரியவில்லை.

மத்திய அரசு மனம் மாறும்வரை மாநிலம் காத்திருக்க வேண்டுமா? வருமான வரி மாநிலத்தின் கையில் இல்லை என்பது உண்மை. ஆனால் முத்திரைத் தீர்வை விகிதம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில், விவசாய நிலம் வாரிசுக்குப் போகும்போது தீர்வை விதிக்கும் அதிகாரமும் விவசாய நிலத்தின் மீதான எஸ்டேட் டியூட்டியும் 47, 48 ஆவது இனங்களாக இன்றும் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியரின் வீட்டைத் தொடாமலே தொடங்கலாம். குடும்ப செட்டில்மென்டில் இரண்டு கோடி வரை இப்போதுள்ள உச்சத் தொகையே இருக்கட்டும். அதற்கு மேலுள்ள மதிப்புக்கு அந்த 40,000 என்ற மூடியை எடுத்துவிட்டு, வாங்குகிறவர் கட்டும் விகிதத்தில் பாதியையாவது கேட்கலாம். அப்படிச் செய்தால் பணக்காரர்கள் செட்டில்மென்ட் எழுதாமல் இறக்கும்வரை காத்திருப்பார்கள் என்பது நியாயமான மறுப்பு. விவசாய நிலத்துக்காவது அதற்குப் பதில் அந்த இரண்டு இனங்களில் இருக்கிறது: பட்டாவில் வாரிசுப் பெயர் ஏறும் இடத்தில், பெரிய உடைமைகளுக்கு மட்டும், தீர்வை. நகரத்துக் கட்டடங்களுக்கும் பங்குகளுக்கும் நாடாளுமன்றம்தான் வர வேண்டும். அதைக் கேட்கும் தகுதி, தன் கையிலுள்ளதைச் செய்துகாட்டிய மாநிலத்துக்குத்தான் வரும்.

வரும் பணத்தைப் பொதுக் கணக்கில் கரைத்துவிடாமல், நிலமில்லாத குடும்பத்தின் பெண் வாங்கும் முதல் மனைக்கும், முதல் ஒரு ஏக்கருக்கும் பத்திரச் செலவு முழுவதையும் தள்ளுபடி செய்யப் பயன்படுத்தலாம். அந்த 48,000 ரூபாய் நடவுக் கூலியில் எத்தனை மாத உழைப்பு என்பதை, சேற்றில் இறங்காத எவராலும் ஊகிக்க முடியாது. இன்றைக்கு அவர் அதைக் கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார். கட்ட முடியாதவர் வெள்ளைத் தாளில் ஒப்பந்தம் எழுதி, பதியாமலே குடியிருக்கிறார், விற்றவரின் பிள்ளைகள் ஒருநாள் வந்து கேட்கும்வரை.